தொமினிக் டி வில்பன் அவர்களுக்கு: எந்த வில்பனுக்குக் கைதட்டுகிறார்கள்?

வணக்கம் ஐயா,

2003 பிப்ரவரி 14 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சராக ஐ.நா. பாதுகாப்பு அவையில் நீங்கள் பேசிய பேச்சை இப்போதும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன். ஈராக்குக்குள் நுழைய அமெரிக்கா துடித்துக்கொண்டிருந்த நேரம், அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறார், ஆயுத ஆய்வாளர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள் என்று வாதாடிவிட்டு, இதைச் சொல்வது பிரான்ஸ் என்கிற ஒரு பழைய நாடு என்றீர்கள். கைதட்டும் வழக்கமே இல்லாத அவையில் கைதட்டல் எழுந்தது. அன்று நீங்கள் சொன்னது சரி, அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

ஆனால் உங்களைப் பற்றி இன்று நடக்கிற பேச்செல்லாம் அந்த ஒரு நாளைச் சுற்றியே நடக்கிறது. அது உங்களுக்கும் நல்லதில்லை, பிரான்சுக்கும் நல்லதில்லை.

இடதுசாரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு காசா பற்றி நீங்கள் தொலைக்காட்சியில் பேசியது அவர்களை ஈர்த்துவிட்டது. கம்யூனிஸ்டுகளின் பத்திரிகையான லுமானிதே நடத்துகிற விழாவில், முன்னாள் அதிபர் டி கோலின் வலதுசாரி மரபில் வந்த உங்களுக்கு வரவேற்பு கிடைக்கிறது. அங்கே கைதட்டியவர்களில் எத்தனை பேர் 2006 மார்ச்சில், நீங்கள் பிரதமராக இருந்தபோது, உங்களை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள்? 26 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுத்தால் முதல் இரண்டு வருடத்துக்குள் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தீர்கள். நாடாளுமன்றத்தில் முழு விவாதம்கூட நடக்கவிடாமல் வாக்கெடுப்பு இல்லாமலே சட்டத்தை நிறைவேற்ற வழிவிடும் அரசியல் சட்டத்தின் 49.3 பிரிவைப் பிடித்து நிறைவேற்றினீர்கள். பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள், போலீஸ் போய் வெளியேற்றியது, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. கடைசியில் நடந்ததை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை: அதிபர் ஷிராக் தொலைக்காட்சியில் வந்து, இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இதன்படி யாரும் ஒப்பந்தம் போட வேண்டாம் என்றார்! பத்து நாளில் சட்டமே போய்விட்டது.

அதற்கும் சில மாதம் முன்னால், 2005 இலையுதிர்காலத்தில், பாரிஸ் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் இரண்டு சிறுவர்கள் போலீசுக்குப் பயந்து மின் நிலையத்துக்குள் ஒளிந்து, மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். புறநகர்கள் பற்றி எரிந்தன. நீங்கள் எடுத்தது, அல்ஜீரியா பிரான்சிடமிருந்து விடுதலைக்குப் போராடிய போர்க்காலத்தில், 1955-இல், எழுதிய அவசரநிலைச் சட்டத்தை. அந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களில் பலர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்தச் சட்டத்தின் பெயர் அவர்கள் வீடுகளில் எப்படிக் கேட்டிருக்கும் என்று, மொராக்கோவின் ரபாத்தில் பிறந்த உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு அரபு உலகத்தின் காயங்களைப் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, உங்கள் சொந்த முகாம்? அங்கே கதையே வேறு. 1997-இல் ஷிராக் தானாகவே நாடாளுமன்றத்தைக் கலைத்து, தேர்தலில் தோற்று, ஐந்து வருடம் சோஷலிஸ்டான ஜோஸ்பனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாரே, அந்த யோசனைக்குப் பின்னால் அதிபரின் எலிசே மாளிகைச் செயலாளராக இருந்த நீங்கள்தான் என்று வலதுசாரிகள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். உங்கள் முகாமிலேயே போட்டியாளராக இருந்த சார்க்கோசியின் ஆட்களுக்கு கிளியர்ஸ்ட்ரீம் வழக்கு: போலிப் பட்டியலை வைத்து அவர் பெயரைக் கெடுக்க நீங்கள் துணைபோனீர்கள் என்ற குற்றச்சாட்டு. 2010-இல் விடுதலை, 2011-இல் மேல்முறையீட்டிலும் விடுதலை, ஆனாலும் அந்தப் பழைய பகையை அவர்கள் விடவில்லை. இன்றைய வலதுசாரித் தலைமை குடியேற்றம், பாதுகாப்பு என்று வலதுசாரி அரசியல்வாதி ரத்தையோவின் குரலில் பேசுகிறது. அவர்களுக்கு நீங்கள் கட்சி மாறாமலே எதிரணிக்குப் போய்விட்ட ஆள். இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவிடமிருந்து விலகி நின்று சொந்தக் குரலில் பேசுவது டி கோல் போட்ட பாதை, நீங்கள் அதில்தான் நிற்கிறீர்கள், நகர்ந்து போனது அவர்கள். மக்ரோன் ஆட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வாக்கு எங்கே உடையும் என்ற கணக்கோடுதான் அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள்.

ஆக, ஒரு பக்கம் உங்கள் வெளியுறவுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு உள்நாட்டை மறந்துவிட்டது. இன்னொரு பக்கம் தோல்விகளை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் எந்த மரபில் வந்தவர் என்பதை மறந்துவிட்டது. இரண்டுமே அவரவர் வசதி. இதில் என் வருத்தம் உங்கள் மேல்தான். இந்த மறதியைக் கலைக்க நீங்கள் போதுமான அளவு முயன்றதாக எனக்குத் தெரியவில்லை.

2025-இல் சொந்தக் கட்சி தொடங்கியிருக்கிறீர்கள். மக்கள் வாக்கில் ஒரு பதவிக்கும் வராமலே பிரதமர் நாற்காலி வரை போனவர் நீங்கள். 2012-இல் அதிபர் தேர்தலுக்குத் மேயர்கள் போன்ற மக்கள் பிரதிநிதிகளிடமிருந்து தேவையான 500 கையெழுத்து சேரவில்லை. மறுபடி அந்தக் கையெழுத்துக்காகச் சின்னச் சின்ன ஊர் மேயர்களிடம் போய் நிற்க வேண்டிவரும். அதற்கு முன்னால் ஒரு நீண்ட பேட்டியில், நியூயார்க்கில் பேசிய அந்த ஐ.நா. பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், 2005-உம் 2006-உம் பற்றி மட்டும் பேசுங்கள். அந்த அவசரநிலையை மறுபடி அறிவிப்பீர்களா? நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டால் 49.3-ஐத் தொடுவீர்களா? ஓர் இளைஞனைக் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பலாம் என்று இன்னும் நினைக்கிறீர்களா? பதிலைக் கேட்டு லுமானிதே விழாக் கூட்டத்தில் பாதி எழுந்து போனாலும் பரவாயில்லை, மீதி இருக்கிறவர்கள் உங்களுக்காக இருப்பார்கள்.