மாமா, துண்டுக்கு அடியில இருந்த கேபிள்

மாமா,

நேத்து சாயங்காலம் மவுண்ட் ரோடு போய், அட்வான்ஸ் கொடுத்து வச்சிருந்த டிஏசிய, அதான் டிஜிட்டல் பாட்ட ஆம்ப்ளிஃபயருக்கு ஏத்த சிக்னலா மாத்துற பொட்டிய, வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இருபதாயிரத்த கையில வாங்கிட்டு வெளிய வந்தா கால் தானா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் திரும்புது. உங்க ரிப்பேர் கடை இருந்த மாடிப்படிக்கு அடியில இப்ப ஒருத்தர் மொபைல் கவர் தொங்கவிட்டு வித்துட்டு இருக்காரு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்தேன்.

போன்ல சொல்லலாம்னா போன்ல உங்களுக்கு சரியா கேட்காது, நேர்ல வந்து சொல்ல எனக்கு தைரியம் வரல, அதான் எழுதுறேன். உங்க பொண்ணு எழுத்த பெருசாக்கி உங்க கையில கொடுப்பா. அவ மட்டும் இல்ல, நம்ம சொந்தத்துல பாதி பேர் இத படிப்பாங்கனும் தெரியும், அதனால சில விஷயத்த தாண்டித்தான் போகணும். உங்களுக்கு புரியும்.

2013ல அந்த ஞாயித்துக்கிழமை நடந்தத பத்தி நாம ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் பேசினதே இல்ல. என்ன பண்ணீங்கனு உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்ல. சோபாவுல உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படி இருந்துச்சுனு மட்டும் சொல்றேன்.

ஓடுறது சாதா வயரா, நான் வாங்கின புது ஸ்பீக்கர் கேபிளானு சொல்லணும், கண்ண மூடி உட்கார்ந்திருக்கேன். ஃபேன நிறுத்தியாச்சு, முதுகுல வேர்வை வழியுது. பின்னாடி என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், அதுல ரெண்டு பேர் என் பேச்ச நம்பி அதே ஸ்பீக்கர் கேபிள ஆர்டர் பண்ணியிருந்தாங்க. கிச்சன் வாசல்ல என் வீட்டுக்காரி நிக்கிறா. போர்வைய கட்டி மறைச்ச ரேக்குக்கு பின்னாடி நீங்க டெர்மினல திருகுற சத்தம் கேட்குது, அப்புறம் அதே வயலின், அதே அரை நிமிஷம், திரும்ப திருகுற சத்தம், திரும்ப அதே வயலின். பத்து தடவ. ஆறு தடவ நான் "இது புதுசு"னு சொன்னேன். வாய்க்கு வந்தத சொல்லல மாமா. ஏழாவது தடவ, வில்லு கம்பிய தொடுற அந்த இடத்துல ஒரு சொரசொரப்பு கேட்டுச்சு, நூறு தடவ கேட்ட பாட்டுல அதுவரைக்கும் கேட்காத சொரசொரப்பு, மிருதங்கம் ரெண்டடி பின்னாடி தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு, எனக்கு தொண்டை அடைச்சுருச்சு. "இதுதான், இதுதான்"னு கத்தினேன்.

அப்புறம் நீங்க போர்வைய விலக்கிட்டு வெளிய வந்தீங்க. தோள்ல எப்பவும் போல துண்டு. அந்த துண்ட மெதுவா எடுத்தீங்க. அடியில என் கேபிள் மாலை மாதிரி சுருட்டிக் கிடந்துச்சு. பத்து தடவையும் ஓடினது 15 ஆம்ப் பிளக்குக்கு இழுக்கிற சாதா 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரு.

எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் சிரிக்கல, ஆர்டர கேன்சல் பண்றதுக்கு போன எடுத்துட்டு வராண்டாவுக்கு போனான். அது கூட பரவால்ல மாமா. கேபிள்ல ஒண்ணும் இல்லனு காட்டத்தான வந்தீங்க, காட்டிட்டீங்க, அதோட விட்டிருக்கலாம். விலைய ஏன் சொன்னீங்க? அவ கிச்சன் வாசல்ல நிக்கிறது உங்களுக்கு தெரியும். அந்த காசு எங்கருந்து வந்துச்சுனும் உங்களுக்கு தெரியும், உங்ககிட்ட மட்டும்தான் நம்பி சொன்னேன். அவ ஒரு வார்த்தை பேசாம உள்ள போனா. அதுக்கப்புறம் எங்க வீட்ல என்ன நடந்துச்சுங்கறத இங்க எழுத முடியாது. நாலு வருஷம் உங்க வீட்டு வாசப்படிய நான் மிதிக்காததுக்கு காரணம் கேபிள்னு எல்லாரும் நினைச்சாங்க. நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

கணக்கு உங்க பக்கம்தான். அத அப்பவே ஒத்துக்கிட்டிருக்கணும். மூணு மீட்டர் வயரு, போக வர ஆறு மீட்டர், 2.5 ஸ்கொயர் செம்புக்கு மொத்த தடையே 0.04 ஓம் கிட்டதான் வரும், எதிர்ல 8 ஓம் ஸ்பீக்கர். போட்டுப் பாத்தா ஒரு டெசிபெல்ல இருபதுல ஒரு பங்கு கூட குறையாது, அத எந்த மனுஷக் காதும் பிடிக்காது. "ரெண்டு பொட்டிய ஒப்பிடணும்னா மொதல்ல மீட்டர வச்சு சத்தத்த ஒண்ணாக்கு, அர டெசிபெல் கூட இருந்தா சத்தம் கூடிருச்சுனு காது சொல்லாது, நல்லாருக்குனுதான் சொல்லும்"னு நீங்க சொன்னப்ப எனக்கு பதினஞ்சு வயசு. எல்லா ஷோரூம்லயும் அத மறந்துட்டு நின்னேன். பின்னாடி ஒரு தடவ படிச்சேன், அமெரிக்காவுல மேயர், மோரன்னு ரெண்டு பேர் 2007ல வெளியிட்ட ஆராய்ச்சி. எஸ்ஏசிடி மாதிரி உசந்த ரெசல்யூஷன் ரெக்கார்டிங்க அப்படியே ஒரு வழியில விட்டாங்க, இன்னொரு வழியில சாதா சிடியோட 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியா புகுந்து வர விட்டாங்க, எது எதுனு கண்டுபிடினு ஆளுங்கள உட்கார வச்சாங்க. மொத்தம் 554 தடவ கேட்டதுல 276 தடவதான் சரி. காசு சுண்டிப் போட்டாலும் அதே கணக்குதான் வரும். அத படிச்சு முடிச்சப்ப எனக்கு கோபம் மேயர் மேலயும் வரல, மோரன் மேலயும் வரல. உங்க மேல வந்துச்சு.

அதுக்கப்புறமும் நான் நிறுத்தல, அதுதான் உங்களுக்கு புரியாத விஷயம். ஆம்ப்ளிஃபயர் மாத்தினேன், ரெண்டு டிஏசி மாத்தினேன், ஸ்பீக்கருக்கு கிரானைட் பீடம் போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேனும் பறக்கும் ரயிலும் தண்ணி லாரியும் சத்தம் போடுற வேளச்சேரி வீட்ல சிடில மெல்லிசான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற 96 டெசிபெல் இடைவெளியே பாதி வீணாப் போகுதுனு தெரிஞ்சும் அதுக்கு மேல இருக்கிறத தேடினேன். இத்தன வருஷத்துல நிஜமா எல்லார் காதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சது ஒரே ஒரு தடவ, அதுவும் நீங்க காசில்லாம பண்ணி கொடுத்தது. பின்சுவத்துல ஒட்டியிருந்த சோபாவ ரெண்டடி முன்னாடி இழுத்து போட்டீங்க, சுவத்துல இலவம்பஞ்சு மெத்தைய சாத்துனீங்க, "பத்தடி ரூம்டா, 56 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தம் சுவத்துல முட்டி முட்டி நிக்குது, அது பக்கத்துல போய் தலைய வச்சுக்கிட்டு பேஸ் கொழகொழனு இருக்குங்கற"னு திட்டினீங்க. இழுத்த உடனே டபுள் பேஸ் கம்பி தனித்தனியா எண்ணுற மாதிரி கேட்டுச்சு. ஆனா ஒரு தடவ சோபாவ இழுத்தா இழுத்ததுதான மாமா, அடுத்த மாசம் திரும்ப இழுக்க முடியாதே.

நான் சொல்ல வர்றது இதான். அந்த ஏழாவது தடவ நான் கேட்டது பொய் இல்ல. அந்த சொரசொரப்பு ரெக்கார்டிங்ல இருக்கு, நேத்து ராத்திரி கூட போட்டுப் பாத்தேன், உங்க 2.5 ஸ்கொயர் வயர்லயே கேட்குது. அது கேபிள்ல இருந்து வரல, அன்னிக்கு நான் அப்படி காத கொடுத்து உட்கார்ந்ததால வந்துச்சு. புது பொட்டி வீட்டுக்கு வந்த வாரத்துல மட்டும்தான் நான் போன தூக்கி உள் ரூம்ல போட்டுட்டு, லைட்ட அணைச்சுட்டு, ஒரு பாட்ட மொத அடியிலருந்து கடைசி வரைக்கும் கேட்டிருக்கேன். தெரிஞ்ச பாட்டெல்லாம் எடுத்து திரும்ப கேட்பேன், ஒவ்வொண்ணுலயும் புதுசா ஏதோ இருக்கும். ஒரு மாசத்துல பொட்டி பழசாயிரும், பாட்டு பின்னாடி ஓடும், நான் ஆபீஸ் மெயில் பாத்துட்டு இருப்பேன். அப்ப "சவுண்ட்ல ஏதோ குறையுது"னு தோணும். குறைஞ்சது நான் கேட்கிறதுதான், எனக்கு அது தெரியல, அடுத்த பொட்டிய தேடுவேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாட்டு கேட்க எங்க காலத்துல ஆம்பளைக்கு யாரும் லீவு கொடுக்கல மாமா. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு சாமான் வாங்கினா, அத சோதிச்சுப் பாக்குறேன்னு உட்காரலாம், யாரும் கேட்க மாட்டாங்க. நான் காசு கொடுத்து வாங்கினது அந்த உட்கார்ற நேரத்தத்தான்.

இத நீங்க அன்னிக்கு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்க கேட்கல, துண்ட எடுத்து காட்டினீங்க.

இன்னொண்ணும் கேட்கணும். நீங்க என்னிக்காவது ஒரு பாட்ட முழுசா கேட்டிருக்கீங்களா? கடையில முப்பது வருஷம் நாள் பூரா பாட்டு ஓடுச்சு, நீங்க அதுல ஹம்ம, அதான் கரண்ட்டோட உறுமல கேட்டீங்க, ஹிஸ்ஸுங்கற இரைச்சல கேட்டீங்க, எங்க கிழியுதுனு கேட்டீங்க, பல்லவி முடியறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டு அடுத்த செட்ட தூக்கி வச்சீங்க. எனக்கு கேட்க கத்துக் கொடுத்தது நீங்க, ஆனா குறைய கேட்கத்தான் கத்துக் கொடுத்தீங்க. இருக்கிற செட்ல எங்க குறைனு தேடித் தேடியே எனக்கு இத்தன வருஷம் போச்சு.

இப்படி எழுதினது தப்புதான். எழுதினத அழிக்கல, ஆனா தப்பு. எனக்கு அந்த கடையில பிடிச்சதே நீங்க ஹம் கேட்கிறதுதான். செட்டு வந்ததும் இன்புட் பின்ன விரலால தொடுவீங்க, ஸ்பீக்கர்ல பூம்னு உறுமும், உயிர் இருக்குனு சிரிப்பீங்க. அப்புறம் விரல எடுத்துட்டு, கண்ண மூடி, மூடிய கழட்டாமலே சொல்லுவீங்க. "இது அம்பது, எங்கயோ எர்த் விட்டுருச்சு, இல்ல ஷீல்டு வயர் அறுந்துருச்சு." "இது நூறு, ஃபில்டர் கெபாசிட்டர் காலி." கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அத டயோடு ரெண்டு பக்கமும் நிமிர்த்தினா 100 ஆகும், கெபாசிட்டர் சரியா இருந்தா அத முழுங்கிரும், செத்துப் போனா வெளிய விட்டுரும், அவ்வளவுதான்டானு டீ கிளாஸ ஆட்டி காட்டி சொல்லிக் கொடுத்தீங்க. திறந்து பாத்தா கெபாசிட்டர் தலை உப்பி நிக்கும். ஃபிசிக்ஸ் வாத்தியார் ஒரு வருஷத்துல சொல்லித் தராதது எனக்கு அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு லீவுல புரிஞ்சுது. பத்தாவது பாஸ் ஆனதுக்கு எஸ்டிகேங்கற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்டு ஒரு ஆம்ப் பண்ணி கொடுத்தீங்க, முன்னாடி பிளேட்ல என் பேர ஆணியால கீறி. அத கைமாத்தி விட்டுட்டேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. பரண்ல இருக்கு.

2015 டிசம்பர் பத்தி ஒரு வார்த்தை. ஜாபர்கான்பேட்டையில தண்ணி உங்க ஜன்னல் மட்டத்துக்கு வந்தப்ப நான் வேளச்சேரியில என் ஆம்ப மொட்டை மாடிக்கு தூக்கிட்டு இருந்தேன். போன் எதுவும் வேல செய்யல, ரோடெல்லாம் தண்ணி, அது உண்மை. தண்ணி வடிஞ்சும் பத்து நாள் வரலங்கறதும் உண்மை. உங்க எல்பி ரெக்கார்டு எல்லாத்தையும் அத்தை தெருவுல சேத்தோட குப்பையா போட்டாங்கனு அம்மா சொல்லித்தான் தெரியும். அட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சாம். தட்டு கழுவினா பொழச்சிருக்கும் மாமா, வினைல் தண்ணிக்கு சாகாது, நான் வந்திருந்தா உட்கார்ந்து கழுவியிருப்பேன். உங்க மேல கோபம்னு வராம இருந்தேன்.

போன தை மாசம் கல்யாணத்துலயும் பாத்தேன். பந்தியில ஒருத்தர் "சாப்பிட்டாச்சா"னு கேட்க, நீங்க பொண்ணோட வேலைய பத்தி பதில் சொன்னீங்க, அந்த மேஜையே சிரிச்சுது. நீங்களும் கூட சேர்ந்து சிரிச்சீங்க, எதுக்குனு தெரியாமலே. எனக்கு அந்த நிமிஷம் நல்லா வேணும்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கல. இத உங்ககிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது.

போன வாரம் நானும் காது டெஸ்ட்டுக்கு போனேன். புது டிஏசி வர்றதுக்கு முன்னாடி காது எப்படி இருக்குனு தெரிஞ்சுக்கலாம்னுதான் போனேன். அந்த சின்ன ரூம்ல ஹெட்போன மாட்டி, கையில பட்டன கொடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கனு சொன்னாங்க. வெளிய வந்ததும் ஒரு பேப்பர். வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீல பெருக்கல் குறி. 250லருந்து நேரா ஒரே கோடா வருது, 4000 ஹெர்ட்ஸ்ல ரெண்டு காதும் பள்ளத்துல விழுந்து 8000ல பாதி ஏறுது. வருஷக்கணக்கா சத்தமா கேட்டவங்களுக்குத்தான் இந்த பள்ளம் வரும்னாங்க. ராத்திரி ஹெட்போன்ல ரெண்டு மணி வரைக்கும் டிஏசி ஒப்பிட்டதுக்கு அந்த பேப்பர்தான் ரசீது. உங்க பேப்பரயும் உங்க பொண்ணு அனுப்பியிருந்தா, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தேன். உங்களது 2000லருந்தே சரிவு, ஸ், ஷ், ஃப் எல்லாம் அந்த சரிவுலதான் போகுது, அதான் பேசுறாங்கனு தெரியும், என்ன பேசுறாங்கனு தெரியாது. ஆனா பேப்பரோட இடது பக்கம், அடி சத்தம் இருக்கிற 250, 500 ஹெர்ட்ஸ், அங்க உங்க கோடு என் கோட்டுக்கு பக்கத்துலயே இருக்கு மாமா.

பரண்லருந்து அந்த ஆம்ப இறக்கிட்டேன். போட்டா உறுமுது. மூடிய கழட்டல, பின்னாடி எர்த்தும் பாக்கல, ஒரு ஸ்க்ரூவ கூட தொடல. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூக்கிட்டு வரேன், அவளும் வர்றா, அவளா வரேன்னு சொன்னா. காது மெஷின கழட்டி வச்சுட்டு ஸ்பீக்கர் பக்கத்துல உட்காருங்க, ஃபேன நான் நிறுத்துறேன். அம்பதா நூறானு எனக்கு ஒரு நினைப்பு இருக்கு. நீங்க சொல்ற வரைக்கும் நான் வாய திறக்க மாட்டேன்.