ஃபேனை நிறுத்தியபோது முகம் சுளிக்காதவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தையல் கடை ஆயாவுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த எங்கள் ராப் கச்சேரியில் உங்கள் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்திருந்தேன். நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் அப்பாக்கள் வாசலில் வண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். காகிதம் என் பையிலேயே தங்கிவிட்டது. அதனால் இந்த மடல்.

ஒன்பது பெண்கள், ஆறு பாட்டு, எல்லாம் ராப். இதற்கு ஒன்றரை வருடம் ஆனது. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஏழு மணி. வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, தொரப்பாடி, காட்பாடி என்று எந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தாலும் வீட்டுச் சட்டம் ஒன்றுதான், ஏழுக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். நாங்கள் போய்க் கேட்ட ஸ்டுடியோவில் பகலில் ஒரு ரேட், இரவு பத்துக்கு மேல் பாதி ரேட். பையன்கள் பாதி ரேட்டில் விடிய விடிய உட்கார்ந்து, தப்புப் பண்ணி, அழித்து, திரும்பப் பாடிக் கற்றுக்கொள்கிறார்கள். நம் பெண்களுக்கு முழு ரேட்டில் ஒரு மணி நேரம். அதிலும் பாதி மைக்கைச் சரிசெய்வதிலேயே போய்விடும். இதை வைத்துத்தான் "பொண்ணுங்களுக்கு பீட்ல நிக்க வராது" என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான் பேசினேன்.

முதல் நன்றி தையல் கடை அக்காவுக்கு. மாடி அறையைச் சும்மாவே கொடுத்தீர்கள். கீழே ஆறு மிஷின் ஓடும் கடை. ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டு நேரம், அப்போது மட்டும் சத்தம் இருக்காது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் ஸ்டுடியோ. ஜாக்கெட் பிட்டு மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கியதும் எதிரொலி அடங்கிவிட்டது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் மாடி அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் ஓடினால் அந்தச் சத்தம் மைக்கில் விழும். ஆகவே ஃபேனை நிறுத்துவோம், நான்கு வரி பாடுவோம், ஃபேனைப் போடுவோம். முழுப் பாட்டு முடிய ஸ்விட்சை முப்பது தடவை தட்ட வேண்டியிருக்கும். மிஷினை விட்டு எழுந்து வந்து அந்த ஸ்விட்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த ஆயா, கண்ணைப் பார்த்தே "நிறுத்தட்டா" என்று கேட்கப் பழகிவிட்டார். இரண்டாவது பாட்டை உன்னிப்பாகக் கேட்டால் கடைசியில் ஒரு வளையல் சத்தம் வரும். ஆயாவுடையது. அழிக்க மனசு வரவில்லை.

அடுத்தது, கம்ப்யூட்டரில் பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாளம், போடக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு. இன்ஜினியரிங் படிக்கிற பையன், முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டான், "மவுஸை நான் தொடமாட்டேன்." சின்ன விஷயமாகத் தெரியலாம். பாடப் பெண்கள் வருவார்கள், எழுதவும் ஒருசிலர் வருவார்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது மட்டும் எப்போதும் ஓர் அண்ணனாக இருப்பார். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2012 முதல் 2017 வரை அங்கே ஹிட்டான 600 பாடல்களை எடுத்துத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பர்க் குழு கணக்குப் பார்த்தது. பாடியவர்களில் பெண்கள் 22.4 சதவீதம், எழுதியவர்களில் 12.3. பீட் போட்டுப் பாட்டை உருவாக்கும் தயாரிப்பாளர்களை 300 பாட்டுக்குப் பார்த்ததில் வெறும் 2. தம்பி இந்தக் கணக்கையெல்லாம் படித்தவன் இல்லை. கை பரபரக்கும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். ஆறு பாட்டில் நான்குக்கு பீட் போட்டது சலவன்பேட்டைப் பெண். அவளுக்குப் பழைய லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "காசு மெதுவா குடுங்க" என்று சொல்லி இன்னும் கேட்காமலிருக்கும் மொபைல் கடை அண்ணனுக்கும் நன்றி. கொடுத்துவிடுவோம் அண்ணா.

அம்மாக்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "பாட்டுன்னா வாணி ஜெயராம் மாதிரி பாடணும். இது என்னா கத்தல்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வாணி ஜெயராம் 1945-இல் பிறந்தது இந்த வேலூரில். மூன்று தேசிய விருது வாங்கிய குரல். அந்த ஊரில் பிறந்துவிட்டு நாம் பீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் கோபம் வரும்தான். அந்த அம்மாவுக்கு நான் இசைவாணியின் கானாவைப் போட்டுக் காட்டினேன். ஆண்கள் பாட்டு என்றே ஆகிப்போன கானாவில் நின்று, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் ஒரே பெண்ணாகப் பாடி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியல் வரை போன வடசென்னைக்காரர். அதே குழுவில் பாடிய அறிவு நம் அரக்கோணத்துப் பையன் என்றதும் அம்மா கொஞ்சம் இறங்கிவந்தார்.

அப்புறம் ஒரு கதை சொன்னேன். ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்ததாகச் சொல்லும் நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு குடியிருப்பில் நடந்த பார்ட்டி. பாட்டுப் போட்டவர் டிஜே கூல் ஹெர்க். உலகம் முழுக்க அவர் பெயர் தெரியும். ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அந்தப் பெண் போட்ட திட்டம் அது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் டிக்கெட். அம்மா கேட்டுவிட்டு, "எல்லா ஊர்லயும் வேலை தங்கச்சிக்கு, பேரு அண்ணனுக்கு" என்றார். அன்று முதல் அவர் எங்கள் ஆள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் டிக்கெட் கொடுத்ததும் அவர்தான். பெண்களுக்கு 25 ரூபாய், ஆண்களுக்கு 50 ரூபாய் என்று வைக்கச் சொன்னதும் அவர்தான். இது அநியாயம் என்று சண்டை போட்ட மூன்று தம்பிகளே, கடைசியில் காசு கொடுத்து உள்ளே வந்து முன்வரிசையில் விசில் அடித்தீர்கள், உங்களுக்கும் நன்றி.

பேர் விஷயத்தில் எங்கள் கண்ணைத் திறந்தவர் பம்பைக்காரர். மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் அவர் அடிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். மரத்தில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று, சேர்த்துக் கட்டிய இரட்டைப் பம்பை. மாடி அறையில் வந்து பத்து நிமிடம் அடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "இதுல என் பேரு வருமா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை! இத்தனைக்கும் ஒரு வருடம் முன்பு எங்களில் ஒருத்தியின் வரிகளை யாரோ வாங்கிப்போய், அவள் பெயரே இல்லாமல் பாட்டு வெளியிட்டதற்கு நாள்கணக்கில் புலம்பியவர்கள் நாங்கள். நாங்களே அதைச் செய்ய இருந்தோம்.

அதன்பிறகுதான் வக்கீல் அக்காவிடம் போனோம். எங்களுக்கு வந்திருந்த ஓர் ஒப்பந்தத்தைப் பென்சிலால் வரி வரியாக அடித்துக் காட்டினீர்கள் அக்கா. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது என்று நீங்கள் சொன்னபோது ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் இருக்கிறது. யார் எழுதியது, யார் பீட், யார் பம்பை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாட்டு வெளியே போகும்.

மண்டபக்காரருக்கு நன்றி. ஆடியில் கல்யாணம் இல்லை, காலியாகத்தான் கிடக்கிறது என்று கரண்ட் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். ஆனால் மைக் செட் அண்ணனுக்கு ஆடிதான் சீசன். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், மூச்சுவிட நேரமில்லை. இருந்தும் ஒரு செட்டை எங்களுக்காக ஒதுக்கி வைத்தீர்கள். பம்பைக்காரரும் அம்மன் கோயிலிலிருந்து நேரே, மஞ்சள் தண்ணீர் தெளித்த வேட்டியோடு மேடைக்கு வந்துவிட்டார்.

மகளிர் தினமான மார்ச் 8 நெருங்கும்போது மட்டும் போன் செய்து, "ரெண்டு பொண்ணுங்களை அனுப்புங்க, காசு கிடையாது, ஷீல்டு உண்டு" என்றவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

மூன்று ஆட்டோ அண்ணன்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றரை வருடத்தில் ஒத்திகை நீண்ட நாட்களில் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு, உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகே வண்டியைத் திருப்பினீர்கள். ஏழு மணி எட்டானது, எட்டு ஒன்பதானது உங்களால்தான். எந்த வீட்டிலும் எங்களை நம்பி விடவில்லை. உங்களை நம்பித்தான் விட்டார்கள்.

கடைசிப் பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகில்லாத பெண்கள் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, அதற்கு எங்கள் தொரப்பாடிப் பெண் எழுதிய பதில் அது. 1981-இல் கோட்டைக் கோயிலில் மறுபடி சாமி வைத்ததும், 2021-இல் பாலாற்றில் வெள்ளம் வந்ததும் அதில் வரும்:

"சாமியில்லாக் கோயில்ன்னே, எம்பத்தொன்னுல சாமி வந்தாச்சு
தண்ணியில்லா ஆறுன்னே, இருபத்தொன்னுல கரை தொட்டாச்சு
மிச்சம் இப்ப ஒன்னே ஒன்னு, அழகில்லாப் பொண்ணுன்னே
கண்ணாடி உன் கையில, கண்ணு எங்க போச்சு?"

கரண்ட் போனது சரியாக இந்த இடத்தில்தான். மைக் இல்லை, பீட் இல்லை. பம்பை மட்டும் நிற்கவில்லை. அவள் கத்தியே பாடி முடித்தாள்.

பம்பைக்கார அண்ணா, உங்கள் துண்டை மேடையிலேயே விட்டுப்போய்விட்டீர்கள். துவைத்து மடித்து தையல் கடையில் வைத்திருக்கிறது. உங்கள் பங்குத் தாளில் கையெழுத்தும் பாக்கி. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, மற்ற நாளில் ஒரு மணிக்கு மேல் வாருங்கள். ஆயா மோர் வைத்திருப்பார்.

அன்புடன்,
மாடி அறைப் பெண்கள் ஒன்பது பேருக்காக, நான்
வேலூர்