உடல்வாகுப் பட்டியலுக்கு முன் இஞ்ச் டேப்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீன மருத்துவம் மனிதர்களைப் பிரிக்கும் ஒன்பது உடல்வாகுகள் பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை, அவற்றில் ஒன்றான ‘சளி-ஈர’ உடல்வாகுக்காரர்களுக்கு நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் வரும் என்று அடித்துச் சொல்கிறது. கூடவே பத்துக் கேள்வி கொண்ட ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு யாரும் கவலைப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

இந்த வகைப்பாட்டை வகுத்தவர் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் சீ. சீன மருத்துவச் சங்கம் 2009இல் அதைத் தரநிலையாக வெளியிட்டது. நலமான சமநிலை வகை ஒன்று, அதிலிருந்து விலகிய சாய்வு வகைகள் எட்டு. கடந்த ஓராண்டு அனுபவத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 1 (‘இல்லவே இல்லை’) முதல் 5 (‘எப்போதும்’) வரை மதிப்பெண் தர வேண்டும்; ‘சிலநேரம்’ 3, ‘அடிக்கடி’ 4. மொத்தத்திலிருந்து கேள்விகளின் எண்ணிக்கையைக் கழித்து, அதை எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். சாய்வு வகைகளில் 40ஐத் தொட்டால் அந்த உடல்வாகு உண்டு. 30 முதல் 39 வரை நாட்டம் மட்டும்.

சளி-ஈரத்துக்கு எட்டுக் கேள்விகள். ஒருவர் 20 வாங்கினால் கணக்கு 37.5, அதாவது நாட்டம். ‘சிலநேரம்’ என்ற இடத்தில் ஒரே ஒரு ‘அடிக்கடி’ விழுந்து 21 ஆனால் 40.6, முத்திரை குத்தியாயிற்று. ஈர-சூட்டு வகையின் 7 கேள்விகளில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனத் தனிக் கேள்வி உண்டு. ஒருவருக்கு 6தான் எண்ணிக்கை. 7 என்று போட்டால் விடை குறைந்துவிடும். சமநிலைப் பகுதியில் சோர்வு, தூக்கமின்மை போன்ற கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 1 என்பது 5, 2 என்பது 4. இணையத்தில் சுற்றும் சுருக்கப் பட்டியல்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

பெரிய சிக்கல் வேறு. 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குச் சீனாவில் 33 கேள்விப் படிவம் இருக்கிறது. அதில் சளி-ஈரத்துக்கு நான்கே கேள்விகள்: உடல் எடை, வயிற்றுச் சுற்றளவு, வாய்ப் பிசுபிசுப்பு அல்லது குறட்டை, நாக்கில் தடித்த படிவு. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 28 ஆனால் 5 மதிப்பெண், வயிறு 105 சென்டிமீட்டரைத் தாண்டினால் இன்னொரு 5. மற்ற இரண்டுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றாலும் மொத்தம் 12. தீர்ப்புக்கு 11 போதும். தொப்பையை அளந்து ‘சளி-ஈரம்’ என்று பெயர் வைத்துவிட்டு, சளி-ஈரம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்று கண்டுபிடிப்பதில் என்ன வியப்பு? அதை ஓர் இஞ்ச் டேப்பே சொல்லிவிடும். ஆசியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை.

உடல்வாகையும் நோயையும் இணைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே வேளையில் இரண்டையும் கேட்டுப் பதிந்தவை. முந்தியது எது என்று அவற்றால் சொல்ல முடியாது. வெகுநாள் சர்க்கரை நோயாளி தாகமும் வாய் வறட்சியும் சொன்னால் ‘யின் குறைவு’ (உடலின் குளிர்ச்சியும் ஈரமும் குறைந்த வகை) ஆகிவிடுவார். ரத்தசோகையில் வரும் சோர்வு, மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல் அத்தனையும் ‘சீ குறைவு’ (உயிர்ச்சக்தி குறைந்த வகை) கேள்விகளில் அப்படியே இருக்கின்றன. கைகால் சில்லிடுவதும் குளிர் தாங்காததும் ‘யாங் குறைவு’ (உடல்சூடு குறைந்த வகை) என்கிறது பட்டியல். தைராய்டு மந்தமானாலும் குளிர் தாங்காது. ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரைக்கு எச்பிஏ1சி என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்துவிட்டுப் பட்டியலுக்கு வரலாம். (இதை நம் வாதம், பித்தம், கபத்தோடு ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். சளி-ஈரம் கபம் அல்ல. அதன் வேர் மண்ணீரல் பற்றிய சீனக் கருத்தில் இருக்கிறது.)

இதற்காகக் கேள்விப் படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சாப்பாடு, தூக்கம், மலம், வியர்வை என்று நோயாளியிடம் விரிவாகக் கேட்க அது நல்ல வழி. வகையின் பெயரைச் சொல்லிக் கடையில் மருந்து வாங்கும்போதுதான் வம்பு. ‘யாங் குறைவு’க்கு எழுதப்படும் ஃபூஸி வச்சநாபி இனத்து வேர்; சரியாகப் பக்குவம் செய்யாமல், போதிய நேரம் கொதிக்காமல் உள்ளே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பல கலவைகளில் சேரும் அதிமதுரத்தைத் தினமும் வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் மோசம். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் ஹான் ஃபாங் ஜி என்ற மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் பெயர் ஒத்த குவாங் ஃபாங் ஜி கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

‘ரத்தத் தேக்கம்’ என்ற வகைக்காக டான்ஷென் என்ற மூலிகை வேர் வாங்கப் போகிறவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கடைக்காரர் கேட்கமாட்டார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையாமல் கசியத் தொடங்கலாம். பொட்டலத்தின் மேலிருக்கும் பெயரை, சீன எழுத்தோடு அப்படியே, கைப்பேசியில் படமெடுத்து ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தக் கட்டத்தை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் முழுக் கேள்விகளையும் கணக்கு முறையையும் சேர்த்தே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்