ஒப்புக்குச் சப்பாணியா அட்லி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சர்ச்சிலைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சுருட்டு, தொப்பி, இரண்டு விரல், எல்லாம் வழக்கம்போல. அதில் எனக்கு வருத்தமில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: "1945 தேர்தலில் அந்தச் சிங்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒப்புக்குச் சப்பாணி அட்லியைப் பிரதமராக்கினார்கள் பிரிட்டிஷ் மக்கள்." ஆறு வருடம் பிரதமராக இருந்தவருக்கு அந்த ஒரு வரிதான். அதிலும் எழுவாய் பிரிட்டிஷ் மக்கள். அவர் வெறும் செயப்படுபொருள்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். ஒப்புக்குச் சப்பாணிக்கு 640 இடங்களில் 393 எப்படிக் கிடைத்தது என்று எந்த மாணவனாவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். போர்க்காலத்தில் சர்ச்சில் மாநாடு மாநாடாகப் போனபோது லண்டனில் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த துணைப் பிரதமர் யாரென்று தங்களுக்குத் தெரியாததல்ல. தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தால் கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசியப் போலீஸ்) போல ஒன்று தேவைப்படும் என்று 1945 ஜூனில் சர்ச்சில் ரேடியோவில் பேசினாரே, அது அதற்கு முந்தின மாதம் வரை தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனிதரின் கட்சியைப் பற்றித்தான். இன்னொன்று. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலி மீதான படையெடுப்பு சர்ச்சில் முன்னின்று தள்ளிய யோசனை. அது தோற்று, படை பின்வாங்கியபோது அங்கே சுவ்லா கரையிலிருந்து கடைசிக்கு முந்தைய ஆளாகப் படகேறியவர் அட்லி. சிங்கம் அப்போது எங்கே இருந்தது என்று கட்டுரையாளர் தேடிப் பார்க்கட்டும்.

சுவாரசியம் இல்லாத மனிதர் என்பீர்கள். பிரதமர் இல்லத்தில் செய்தி டிக்கர் இயந்திரம் (செய்திகளை உடனுக்குடன் அச்சடித்துத் தள்ளுவது) வைக்க அவர் சம்மதித்ததே, அதில் கிரிக்கெட் ஸ்கோர் வரும் என்று சொன்ன பிறகுதான். இதைவிட என்ன சுவாரசியம் வேண்டும்? என் பேரன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு "டைரக்டரா தாத்தா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

கடைசிப் பத்தியில், "போருக்குப் பிறகு பிரிட்டனில் இலவச மருத்துவம் வந்தது" என்கிறீர்கள். வந்ததாம்! வடகிழக்குப் பருவமழை மாதிரி தானாக வந்ததா? 1948 ஜூலை 5-ல் அதைத் தொடங்கியது அட்லியின் அரசு. முன்னின்று கட்டியவர் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். 1946-ல் அந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தது உங்கள் சிங்கத்தின் கட்சி.

இதை ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில வருடம் முன்பு லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பனியில் வழுக்கி இடது மணிக்கட்டு உடைந்தது. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள் (அதையும் சொல்லத்தான் வேண்டும்). எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள், போகலாம் என்றார்கள். பில் எங்கே கட்டுவது என்று கேட்டேன். நர்ஸுக்குக் கேள்வி விளங்கவில்லை. என் இங்கிலீஷில்தான் கோளாறு என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக மறுபடி கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். விசிட்டர் விசாவில் வந்த பட்டுக்கோட்டைக்காரனுக்கும் அவசரப் பிரிவில் காசு கிடையாதாம். கட்டுப் போட்ட கையோடு மைல் எண்டில் குயின் மேரி பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் அட்லி சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே என்னையும் மருமகனையும் தவிர யாருமில்லை.

நான் அட்லிக்கு வக்கீல் இல்லை. இந்தியர் ஒருவர்கூட இல்லாமல் இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த சைமன் கமிஷனின் ஏழு பேரில் அவரும் ஒருவர்; அதற்குச் சென்னையில் கறுப்புக் கொடி காட்டிய கூட்டத்தில் என் தாத்தா நின்றிருக்கிறார். எங்கள் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் மலேயா கணபதியை 1949 மே மாதம், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கில் போட்டபோது லண்டனில் பிரதமர் நாற்காலியில் இருந்தவரும் இதே அட்லிதான். தோட்டத் தொழிலாளிக்காகச் சங்கம் வைத்தவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது ஒரு தொழிற்கட்சி ஆட்சி. அதை எழுதித் திட்டுங்களேன், நான் கைதட்டுகிறேன். திட்டுவதென்றால் ஆளைத் தெரிந்துகொண்டு திட்ட வேண்டும். ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தவர் தலையில் இந்தப் பழியை எப்படி வைப்பீர்கள்?

கணபதி பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றைத் தங்களுக்கு அனுப்பிப் பதினோரு வருடமாகிறது. தபால் தலை ஒட்டிய உறையும் வைத்திருந்தேன். கட்டுரையும் வரவில்லை, உறையும் வரவில்லை. 2019-ல் அட்லி என்று நீங்கள் போட்ட படம் அவருடைய அமைச்சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸுடையது. அதைச் சுட்டி எழுதிய கடிதத்தையும் போடவில்லை. போட இடம் ஏது? இரண்டு பக்கமாக இருந்த வாசகர் கடிதம் இப்போது ஜோதிடத்துக்குக் கீழே முக்கால் பத்தி. எழுத்தின் அளவோ, கண்ணாடிக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறீர்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் ஒரு தபால் தலை அளவில் அட்லியின் சரியான படத்தைப் போட்டு, அந்தச் சொல்லுக்கு இரண்டு வரி வருத்தம் தெரிவித்தால் போதும். படத்துக்குச் சிரமப்பட வேண்டாம். மைல் எண்ட் சிலையோடு நான் எடுத்துக்கொண்டது இணைப்பில் உள்ளது, என்னை வெட்டிவிடலாம். (கிரிப்ஸுக்கு மீசை கிடையாது, அட்லிக்கு உண்டு. எனக்கும் உண்டு. சிலை எது, நான் எது என்று உதவி ஆசிரியர் சற்றுக் கவனித்துக்கொள்ளட்டும்.)

எனக்கு வராமல்போன தீபாவளி மலரையும் அனுப்பிவைத்தால் நல்லது. சந்தா எண் உறையின் மேல் உள்ளது. தபால் தலை இம்முறையும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் 27 ஆண்டுச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பட்டுக்கோட்டை.