அந்த அறையை யாருக்கும் கொடுக்கவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க மனோர் பார்க் முருகனை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் அழைத்தால் வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்கிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. அதனால்தான் சரக்குத்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். தூள் இரண்டு போத்தல். சிவப்பு மூடி போட்டது உனக்கு. பச்சை மூடியில் உறைப்புக் குறைவு, பேத்திக்காகத் தனியாக வறுத்தது. எது எது என்று மருமகளுக்குத் தெரியும். பருத்தித்துறை வடையும் கொஞ்சம் இருக்கிறது. அவளுக்குப் பிடிக்குமே என்று சுட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது உன் முகத்தைவிட உன் பின்னால் இருந்த சுவரைத்தான் அதிகம் பார்த்தேன். கல்யாணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சுவருக்கு நிறம் அடிக்கப் போகிறீர்களாக்கும். பேத்தி எங்கே என்று கேட்டேன், நித்திரை என்றாய். அதற்கு முதல் வாரமும் நித்திரைதான். மத்தியானத்தில் நித்திரை கொள்கிற வயதைப் பிள்ளை தாண்டிவிட்டாளே என்று பிறகு யோசித்தேன். தடிமனாக இருந்திருக்கும், கிளாஸ்கோக் குளிர் அப்படி. காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீயும் போடு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சுவரில் ஆணியைப் பார்த்த அன்றே உன் கழுத்து எலும்பையும் பார்த்தேன்.

வேறு புதினம் என்றால், பள்ளிக்கூடத்தில் இன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்து வேலைக்குத்தான் போகிறேன். கால் நோகிறது, விடு என்று அப்பா சொல்கிறார். நான் விடவில்லை. கிழக்கு லண்டனில் எங்கள் நியூஹாமில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியது 2009இல். லண்டன் முழுவதற்கும் அது வர 2023 ஆயிற்று. அங்கேயும் சின்ன வகுப்புகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று நீ சொல்வாய், தெரியும். ஆனாலும் எங்களுடைய கவுன்சில் முதலிலேயே, ஏழைப் பிள்ளை, வசதியான பிள்ளை என்று வரிசை பிரிக்காமல் கொடுத்தது. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீ படித்த காலத்தில் டிக்கெட் வாங்கித்தான் இலவசச் சாப்பாடு எடுக்க வேண்டும். அதை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டு இரண்டு தரம் பட்டினியாக வந்தாயே, நான் மறக்கவில்லை.

இந்தத் தவணை ஒரு பிள்ளை புதிதாக வந்திருக்கிறது. ஆறு வயது இருக்கும். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே இருப்பது என்று தெரியாமல் மண்டபத்தின் நடுவில் நின்றது. நான் போவதற்குள் அதே வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று எழுந்து வந்து அதன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் இருத்திவிட்டது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. பட்டாணியை முள்ளுக்கரண்டியால் குத்திக் காட்டி, இதைச் சாப்பிடலாம், அந்த மஞ்சள் கூழ் கூடாது என்று அவள் தலையாட்டியே சொல்லிக் கொடுத்தாள். இப்போது இரண்டும் ஒன்றாகத்தான் திரிகின்றன. நூறு மொழிக்கு மேல் பேசுகிற இடம் இது. புதிதாக வருகிறவனை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை.

பேத்தியை எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று நீ இன்னும் சொல்லவில்லை. இங்கே அடுத்த செப்டெம்பருக்கு ஜனவரி 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். சும்மா தெரிந்து வைத்துக்கொள் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நியூஹாம் என்றாலே முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. உனக்கே பல்கலைக்கழகத்தில் ஊர் எது என்று கேட்டால் 'லண்டன்' என்று சொல்லி நிறுத்துகிற பழக்கம் இருந்தது. இப்போது ஈஸ்ட்ஹாம் பழைய நகர மண்டபத்தின் பக்கத்துக் கட்டடத்தில் 2014இல் ஒரு மேல்நிலைக் கல்லூரி தொடங்கி, அங்கிருந்து பிள்ளைகள் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போகிறார்கள். 1903இல் கட்டிய அந்தச் சிவப்புக் கோபுர மணிக்கூட்டின் கீழ்தான் உன்னை நிற்க வைத்து முதல் படம் எடுத்தோம். நீ பிளேஸ்டோவில் உயர்தரம் படித்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதலாவதாகப் பட்டம் எடுத்தவன். கோவிலில் யார் கேட்டாலும் சொல்வேன். நேற்றும் மகாலட்சுமி கோவிலில் ஒரு அக்கா கேட்டார், மகன் எப்படி என்று. நல்லாயிருக்கிறான், பெரிய வேலை என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதிலையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவிடம் போன மாதம் ஒருவர் வந்தார். தெருவில் யாரோ சொல்லி, உன் அறையை வாடகைக்குக் கேட்டு. நல்ல மனிதர், உணவகத்தில் வேலை, மாதம் பிசகாமல் தருவேன் என்றார். ஒரு அறைக்கு அவர் சொன்ன காசைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. இங்கே வீட்டுக்கு அவ்வளவு நெருக்கடி. 2011இல் 3,08,000 பேர் இருந்த இடம் 2021 கணக்கெடுப்பில் 3,51,000 ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் வேறு நாட்டில் பிறந்தவர்கள். எங்கள் பள்ளியிலேயே ஹோட்டல் அறை ஒன்றில் தாய் தகப்பனோடு மாதக்கணக்காக இருக்கிற பிள்ளைகள் உண்டு. அப்படி இருந்தும் அப்பா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, அந்த அறை வேண்டியிருக்கிறது தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாருக்கு வேண்டியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், ஜன்னல் கொழுக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறார்.

சித்தி வந்து நின்ற வருடம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கடைக்கு மேலே நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் படுத்த காலம் முடிந்து, இந்த வீட்டுக்கு வந்த புதிது. அந்தச் சின்ன அறையில்தான் அவள் இருந்தாள். உன் புத்தகங்களை எல்லாம் வரவேற்பறைக்கு மாற்றினோம், நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பா எங்கே என்று நீயும் அக்காவும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு குணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் நினைப்பேன். பிறகு அவள் ராயல் ஆல்பர்ட் டாக் என்ற பழைய கப்பல்துறையின் கரையில் இருக்கிற கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, வேலை எடுத்து, தன் காசில் வீடு வாங்கினாள். போன கிழமை வந்து உன்னைத்தான் விசாரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளோ எல்லாம் தெரிந்தவள்போல என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அக்காவுடன் கதைத்திருப்பாள். அக்காவுக்கு ஒன்று தெரிந்திருந்து எனக்குத் தெரியாமல் இருப்பது சரியா என்று நீயே யோசி. அவளிடம் கேட்டால், அம்மா, அவனிடமே கேளுங்கள் என்கிறாள்.

நான் கேட்கப் போவதில்லை.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். ஓய்வு எடுத்த பிறகு ஒவ்வொரு நாளும் டாக் கரைக்கு நடக்கிறார். 1880இல் திறந்த டாக்கை 1981இல் மூடினார்கள் என்றும், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை போனது என்றும் எனக்குப் பாடம் நடத்துகிறார். இரண்டு டாக்குகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கரைத் துண்டிலேயே 1987இல் விமான ஓடுபாதை போட்டுவிட்டார்களே, ஒரு இடம் முடிந்துபோனது என்று யாரும் சொல்லக்கூடாது என்கிறார். உனக்குச் சொல்ல நினைப்பதை எனக்குச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நீ அவருடன் கதைத்தால் போதும். பந்தாட்டத்தைப் பற்றியாவது கதை.

பந்தாட்டம் என்றதும் அந்த ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூன். பிராகில் வெஸ்ட்ஹாம் கிண்ணம் எடுத்த மறுநாள். கடைசி நிமிடத்தில் போவன் கோல் அடித்தபோது அப்பா எழுந்து நின்ற வேகத்தில் மேசை விளக்கு விழுந்தது. 1980க்குப் பிறகு முதல் பெரிய கிண்ணம் என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னீர்கள். நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்து நின்ற நேரம் அது. பார்கிங் ரோட்டில், போபி மூர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சிலைக்குப் பக்கத்திலேயே போய் இடம் பிடித்தோம். 1966 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஹர்ஸ்டின் தோளில்தானே இங்கிலாந்துத் தலைவர் மூர் இருக்கிறார் என்று அப்பா மருமகளுக்கு விளக்கினார். அவள் தன்னுடைய கருஞ்சிவப்புச் சால்வையைக் கழற்றிப் பேத்தியின் கழுத்தில் சுற்றி, அவளை உன் தோளில் ஏற்றிவிட்டாள். பஸ் வந்ததும் சனம் தள்ளியது. நீ ஒரு கையால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைத் தேடினாய். அவள் உன் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம் என் தொலைபேசியில் இருக்கிறது. அதை நான் அழிக்கப் போவதில்லை, யார் என்ன சொன்னாலும்.

அவள் என் மருமகள். நடந்தது எதுவானாலும் அவள் என் பேத்தியின் தாய். அவளைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் ஒரு குறைச் சொல் சொல்ல மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அவளுக்கும் பிறந்த நாளுக்கு வழக்கம்போலச் சேலை எடுப்பேன். கிரீன் ஸ்ட்ரீட்டில் இப்போதே ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், மாம்பழ மஞ்சள். அனுப்புவதற்கு முகவரி மட்டும் சரியா என்று சொல். பழைய முகவரிதான் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. சின்ன வயதில் முழங்காலில் காயம் பட்டால்கூட ஓடி வந்து காட்டுகிற பிள்ளை நீ. இப்போது எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டு 'வேலை வேலை' என்கிறாய். நாங்கள் தாங்க மாட்டோம் என்று நினைக்கிறாயா? வீடு எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தால், கேள்: இந்த ஊரில் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்த குடும்பம் ஒன்றுகூட இல்லை.

பேத்தியை இங்கே கொண்டு வந்தால் ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய நீச்சல் தடாகத்துக்கு அப்பா கூட்டிப் போவார். போன தரம் வந்தபோது தண்ணீருக்குள் முகத்தை வைக்க மாட்டேன் என்று அழுதாள், கடைசி நாள் தானே வைத்தாள். நீச்சல் உடுப்பு இங்கேயே விட்டுவிட்டுப் போனாள், சிறிதாகியிருக்கும். வேறு வாங்கலாம். வார இறுதிக்கு மட்டும் அவள் உன்னிடம் வருவதாக இருந்தாலும் சரி, விடுமுறைக்கு மட்டும் என்றாலும் சரி. எந்த ஒழுங்கு என்றாலும் சரி. மருமகளுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொண்டு கூட்டி வா.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தனியாகக் காரில் தூரம் ஓடாதே. கடையில் வாங்கிய சாப்பாட்டை மூன்று நாள் வைத்துச் சாப்பிடாதே. நித்திரை வராவிட்டால் வைத்தியரிடம் போ, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சாப்பிடு.

வருவதென்றால் கிளாஸ்கோ சென்ட்ரலில் ஏறினால் யூஸ்டனில் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் யூஸ்டன் ஸ்கொயர், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் நேரே ஈஸ்ட்ஹாமுக்கு வரும், மாறத் தேவையில்லை. உனக்குத் தெரியாததா. பெட்டி நிறைய இருந்தால் முன்கூட்டியே சொல். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார், அக்காவின் மாப்பிள்ளை காருடன் நிற்பார். எந்த நாள் என்றாலும் எனக்குச் சரி, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிக்கொள்வேன். டிக்கெட் விலை கூடிவிடும், அதனால் நாளை இன்று என்று இழுக்காமல் இந்தக் கிழமையே பார்த்து எடு. காசு வேண்டுமென்றால் அக்காவிடம் சொல், நான் அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
அம்மா

பச்சை மூடிப் போத்தலைப் பேத்தி இருக்கிற வீட்டில் கொடு.