அரைக்காமல் கொடுங்கள்: காபித்தூள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் திருச்சியிலும் மற்ற ஊர்களிலும் கொட்டை வறுத்துத் தூள் அரைத்து விற்கிற கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை உங்களில் ஒருவர் கடையில் நின்று, "அரை கிலோ பீபெர்ரி, அரைக்க வேண்டாம், கொட்டையாவே கொடுங்க" என்று கேட்டேன் (பீபெர்ரி ஒரு வகைக் காபிக் கொட்டை). கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "கொட்டையா வாங்கி என்ன சார் பண்ணுவீங்க?" வீட்டில் அரைத்துக்கொள்வேன் என்றேன். "மிக்ஸியிலயா? பிளேடு போயிடும் சார்." எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "ஏதாவது வேண்டுதலா இருக்கும், கொடுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கொட்டை கிடைக்கவில்லை. ஓனர் இருக்கும்போது வந்து கேளுங்கள் என்று சொல்லி, வழக்கம்போல அரைத்து, பழுப்புக் கவரில் போட்டு, நூல் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனிக்காரர்களுக்கு நான் மடல் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அங்கே கொட்டை எப்போது வறுபட்டது, எங்கே அரைபட்டது என்பதெல்லாம் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத ஊரில் நடந்து முடிந்த கதை. உங்கள் கடையில் அப்படி இல்லை. வறுக்கிற இயந்திரம் கண்ணெதிரே சுழல்கிறது, கொட்டை தட்டில் வந்து விழுகிறது, கிளறி ஆற வைக்கிறீர்கள். நாம் கேட்கிற அளவுக்கு அங்கேயே அரைத்துத் தருகிறீர்கள். வெளிநாடுகளில் இதையே ஒரு புதுக் கலாசாரம் மாதிரி இப்போது கொண்டாடுகிறார்கள், நம் கடைத்தெருக்களில் அது பல தலைமுறைகளாக நடக்கிற வியாபாரம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

உங்கள் தெருவுக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது, வாசனைப் பொருள்களும் அதோடு சேர்ந்து உள்ளே இருக்கின்றன. முழுக் கொட்டையாக இருந்தால் அந்த வாயு வெளியே வர நாள்கணக்கில் ஆகும். அரைத்த நிமிஷமே ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகளாகிறது, உள்ளே இருந்ததெல்லாம் காற்றுக்கு வந்துவிடுகிறது, மணிக்கணக்கில் பெரும்பகுதி போய்விடுகிறது. போதாக்குறைக்கு, காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடுகிற உங்கள் அரைக்கும் மெஷினிலிருந்து தூள் கை பொறுக்காத சூட்டில் வந்து விழுகிறது, அந்தச் சூட்டோடேயே கவரில் போட்டு மடித்துவிடுகிறீர்கள். ஆக, தெருவெல்லாம் மணக்கிற அந்தக் காபி நான் காசு கொடுத்து வாங்கின காபிதான். வீட்டுக்கு வருவது மிச்சம். அரைக் கிலோ வாங்கினால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் வரும், முதல் இரண்டு நாள் டிகாக்‌ஷனுக்கும் கடைசி வார டிகாக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசம் காபி குடிக்கிற யாருக்கும் தெரியும். கடைசி வாரத்தில் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தது பாலும் சர்க்கரையும் பழக்கமும்.

வீட்டில் அரைப்பது புதிதாக வந்த மோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கும்பகோணத்தில் என் பெரியம்மா வீட்டில், மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற கை மெஷின் ஒன்று இருந்தது. மேலே கிண்ணத்தில் கொட்டையைப் போட்டு, பக்கத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் அந்த வேலை. பச்சைக் கொட்டையாக வாங்கி வந்து இரும்பு வாணலியில் அவர்களே வறுப்பார்கள், வறுபட்ட நாளில் வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் காபி குடிக்காமல் போக முடியாது. அப்புறம் மிக்ஸி வந்தது, தெருமுனையில் நீங்கள் வந்தீர்கள், மெஷின் பரணுக்குப் போனது. அதைத் தேடிப் பார்த்தேன், எப்போதோ பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்களாம்.

சரி, கொட்டை கொடுத்தால் இவன் என்ன செய்வான் என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். நியாயமான சந்தேகம்தான், ஏனென்றால் முதலில் நான் மிக்ஸியில்தான் அரைத்தேன். வேறொரு ஊரிலிருந்து உறவுக்காரர் கால் கிலோ கொட்டை வாங்கி வந்திருந்தார். மிக்ஸியின் பிளேடு அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. பாதி விபூதி மாதிரி மாவாகிவிட்டது, பாதி ரவையைவிடப் பெரிய துண்டுகள். அந்த மாவு ஃபில்டரின் ஓட்டையை எல்லாம் அடைத்துக்கொண்டு ராத்திரி ஊற்றின தண்ணீர் காலையில் அப்படியே மேலே நிற்கிறது, தட்டித் தட்டி இறக்கினதைக் குடித்தால் கசப்பு ஒரு பக்கம், துண்டுகளுக்குள் தண்ணீர் ஏறாததால் சப்பென்று இன்னொரு பக்கம். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் கையால் சுற்றுகிற சின்ன கிரைண்டர் ஒன்று வாங்கினேன். அதில் பிளேடு கிடையாது, பல் வைத்த இரண்டு எஃகுத் துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் உள்ள இடைவெளியைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம், அந்த இடைவெளிக்கு ஏற்ற அளவில்தான் தூள் கீழே இறங்கும். நம் பித்தளை ஃபில்டருக்கு எது சரியான இடைவெளி என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது, நடுவில் ஒரு விஷயம் தெரிந்தது, அதை நீங்கள் யாரும் சொன்னதில்லை. கடையில் சிக்கரி கலந்து வாங்கும்போது இருந்த அதே பதத்தில் வெறும் காபியை அரைத்தால் தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது, சில நிமிஷத்தில் சலசலவென்று இறங்கி, டிகாக்‌ஷன் டீத்தண்ணீர் மாதிரி இருக்கிறது. சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊறி, இறங்குகிற வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சிக்கரி இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்க வேண்டும், தூளை மேல்தட்டால் மெதுவாக அமுக்கி வைக்க வேண்டும். இப்போது இருபது நிமிஷத்தில் சொட்டுச் சொட்டாக, கெட்டியாக இறங்குகிறது. தினமும் காலை ஐந்தரைக்குக் கரகரவென்று சுற்றுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதாம், அது வேறு பஞ்சாயத்து.

இனி உங்கள் கடைப் பலகை. 'பிளான்டேஷன் ஏ' என்று எழுதியிருக்கிறீர்கள், எங்களில் பாதிப் பேர் அதை ஏதோ ஒரு எஸ்டேட்டின் பெயர் என்றோ முதல்தரம் என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலை உரித்து, நீரில் கழுவி, காய வைத்த அராபிகா என்ற காபி இனம், அவ்வளவுதான். பழத்தோடு அப்படியே காய வைத்தால் அதற்குப் பெயர் செர்ரி. 'ஏ' என்பது சல்லடைக் கணக்கு, ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே உள்ள ஓட்டையில் விழாமல் நிற்கிற கொட்டை. பெரிய கொட்டை, அதனால் விலை அதிகம், சரி. ஆனால் அது எந்த மலையில் விளைந்தது, எந்த வருஷ அறுவடை என்பதைப் பற்றி அந்த எழுத்து ஒன்றும் சொல்லாது. பீபெர்ரி கதையும் அப்படித்தான். வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதை, ஒன்றோடொன்று ஒட்டிய பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரு விதை வளராமல் போய், மற்றொன்று மட்டும் உருண்டையாகத் திரண்டுவிடும், அதுதான் பீபெர்ரி. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்பார்கள், எனக்கும் அது பிடிக்கும். அதற்காக எந்தத் தோட்டத்துப் பீபெர்ரியும் உசத்தி என்று சொல்லிவிட முடியுமா?

ஊர் பெயரைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். சிக்மகளூரா, குடகா, ஏற்காடா, தாண்டிக்குடியா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடி வைத்து இருநூறு வருஷம் ஆகிறது. துறையூர்ப் பக்கம் போனால் கண்ணுக்குத் தெரிகிற கொல்லிமலையில் மிளகுக் கொடிக்கு நடுவே காபி விளைகிறது. திருச்சியில் இருந்துகொண்டு, வருஷக்கணக்காகக் காபி வாங்கிக்கொண்டு, கொல்லிமலைக் காபி என்று ஒரு பலகையை நான் எங்கள் தெருவில் பார்த்ததே இல்லை. மாம்பழம் வாங்கினால் சேலமா, செந்தூரமா என்று கேட்கிறோம், அரிசிக்கு மூட்டையைத் திறந்து பார்க்கிறோம். காபிக்கு மட்டும் 'ஏ', 'பி' என்ற எழுத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுகிறோம்.

சிக்கரியைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நான் சிக்கரிக்கு எதிரி இல்லை. அது ஒரு கிழங்கு வேர், நம் நாட்டில் குஜராத்தில் நிறைய விளைகிறது, வறுத்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து கருகி நிறமும் லேசான இனிப்புக் கசப்பும் தருகிறது, காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைகிறது. டிகாக்‌ஷன் கெட்டியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் மாமனார் சிக்கரி இல்லாத காபியை 'மருந்து' என்பார், அவருக்கு இருபது சதவீதம் கலந்துதான் தருகிறேன். என் வருத்தம் வேறு இடத்தில். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டின் மேல் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களில் பலர் "எவ்வளவு சிக்கரி சார்?" என்று கேட்டுவிட்டு எடை போட்டுத்தான் சேர்க்கிறீர்கள், அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் கேட்காமலே ஒரு கரண்டி அள்ளிப் போடுகிற கைகளையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினால் தெரிந்துவிடும். காபித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கொஞ்ச நேரம் மிதக்கும், சிக்கரி சில நொடிகளில் பழுப்பாகக் கோடிழுத்துக்கொண்டே கீழே போகும். காபியைக் கொட்டையாகவும், சிக்கரியைத் தனிப் பொட்டலமாகவும் கொடுத்துவிட்டால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. மாமனாருக்கு இருபது, எனக்குச் சுழி, வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்.

வறுத்த தேதியைக் கவரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பால் குத்திவிடுங்கள், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்றைக்கு வறுத்ததுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் மாட்டேன். அன்றே அரைத்து ஊற்றினால் வாயு நுரைத்துத் தூளை மேலே தள்ளி, ஒழுங்காக இறங்குவதில்லை. நான்கைந்து நாள் ஆன கொட்டை எனக்குப் போதும். இன்னொன்று, எல்லாக் கொட்டையையும் எண்ணெய் மினுமினுக்கும் கருப்பு வரை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க ஆசை. அந்த நிறத்துக்கு வந்துவிட்டால் சிக்மகளூரும் ஏற்காடும் ஒரே கரிதான். பாலுக்குக் கருக வறுத்தால்தான் எடுபடும் என்பீர்கள், உங்கள் அனுபவத்தோடு நான் வாதாட மாட்டேன். வாரத்தில் ஒரு ஈடு மட்டும், இரண்டு நிமிஷம் முன்னால் இறக்கிப் பாருங்களேன்.

வியாபாரக் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 2024-இல் லண்டன் சந்தையில் இன்னொரு காபி இனமான ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததற்கு நம் ஊர்க் கடைப் பலகையில் மாதத்துக்கு ஒரு தரம் சாக்பீஸில் விலையை அழித்து எழுதினீர்கள். அந்த நேரத்தில் அராபிகாவில் ரொபஸ்டாவைக் கூட்டிப் போட்டிருந்தால்கூடத் தப்பில்லை, நல்ல ரொபஸ்டா பாலோடு சேர்ந்தால் அதற்கென்று ஒரு திடம் உண்டு, சொல்லிவிட்டுப் போடுங்கள் என்பதுதான். கொட்டையாக விற்றால் அதையும் மறைக்க முடியாது, ரொபஸ்டா கொட்டை கொஞ்சம் உருண்டையாக, நடுக்கோடு நேராக இருக்கும், அராபிகாவில் நீண்ட கொட்டை, வளைந்த கோடு. பழகின கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை சிலர் கொட்டை கொடுக்கத் தயங்குவது இதனால்தானோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது, அப்படி இல்லை என்றே நம்புகிறேன்.

அரைக்கிற கூலி நஷ்டமாகும் என்றால் அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நூறு கிராம், இருநூறு கிராம் என்று சின்னப் பொட்டலமாகக் கொடுத்தால் வாரா வாரம் வருவேன். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வருகிறவன் மூன்று தரம் வந்தால் உங்களுக்கும் லாபம்தானே.

வருகிற சனிக்கிழமை அதே கடைக்கு மறுபடி வருகிறேன், ஒன்பது மணிக்கு ஓனர் இருப்பார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். கையில் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா இருக்கும். கொட்டையை எடை போட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பாமல் இந்தப் பக்கம் திரும்பினால் போதும், டப்பாவை நானே நீட்டுகிறேன். அந்தப் பெரியவர் அன்றைக்கும் வரிசையில் நின்றால், அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
முதல் டிகாக்‌ஷனுக்காகச் சீக்கிரம் எழுகிற ஒருவன்