முக்கொம்பில் வேலைக்குச் சேரும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

திருச்சிக்குப் பக்கத்தில் காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்புக்கு, அணை வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது என்றாய். நல்ல இடம்மா. பூங்காவுக்கு வருகிறவர்கள் ஷட்டரைப் பார்ப்பார்கள். நீ அதற்கு அடியில் கிடக்கும் மணலைப் பார்க்கப் பழகு.

அங்கே காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிற இரண்டில் கொள்ளிடம் நேராக ஓடுவது, சரிவும் அதிகம். காவிரித் தலைப்பில் மணல் மேடிட மேடிட, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. தஞ்சாவூர்ப் பக்கம் வயல் காய்ந்தது. அதற்காகத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். ஆழம் காணாத மணலிலும் அஸ்திவாரம் நிற்கும் என்பதைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அணை வந்ததும் நிலைமை தலைகீழானது. காவிரிக்குள் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரித்ததால், 1840-களில் அதன் தலைப்பிலும் குறுக்கே சுவர் போட வேண்டியதாயிற்று. ஒரு கிளையில் கை வைத்தால் மற்றதும் மாறும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையில், கொள்ளிடக் கதவணையின் 45 கண் (ஷட்டர் ஏறி இறங்கும் திறப்பு) பகுதியில் 9 ஷட்டர்கள் அடித்துப்போயின. பழசு, விழுந்துவிட்டது என்பார்கள். வயதை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதைவிட எத்தனையோ மூத்த கல்லணை நிற்கிறதே! இந்த மாதிரிக் கட்டுமானத்துக்கு ஆபத்து கீழ்ப்பக்கத்திலிருந்து வரும். மணல் அள்ளி ஆற்றுமட்டம் இறங்கினால் தண்ணீர் விழும் உயரம் கூடும். தளத்தின் விளிம்பில் குழி பறிக்கும். குழி பின்வாங்கித் தூணுக்கு அடியில் வரும். மேலே கான்கிரீட் பளிச்சென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. இப்போது நிற்பது சுமார் 387 கோடியில் கட்டிய புதுக் கதவணை, ஆனால் மணல் அதே மணல்தான்.

ஆகவே ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் கீழ்த்தளத்தின் விளிம்பை ஒட்டி, கண்ணுக்குக் கண் ஆழம் பார். போன வருட அளவோடு ஒப்பிடு. அணைக்கு அடியில் கசிந்து கீழ்ப்பக்கம் வரும் ஊற்று தெளிவாக வந்தால் குறித்துக்கொள், போதும். கலங்கி, மணல் துகளோடு வந்தால் அடிமண் கரைகிறது. அன்றைக்கே மேலே எழுது.

ஷட்டர் ஏற்றும்போது ஒன்றை மட்டும் முழுக்கத் தூக்க விடாதே. அந்த ஒரு பாய்ச்சல் போதும், கல்லைப் பெயர்த்துவிடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அரை அடி, அரை அடியாக ஏற்றச் சொல். மூடும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வரட்டும். கயிற்றுக்கு கிரீஸ், ரப்பர் சீல் எல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கணக்குக்கு ஒன்று: விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. இரவில் போன் வந்தால் மனதிலேயே போட்டுவிடலாம்.

கொள்ளிடத்தைத் திறக்குமுன் சங்கு ஊதினால் மட்டும் போதாது, ஆள் அனுப்பு. வறண்ட ஆற்றுக்குள் மாடு மேயும், பிள்ளைகள் விளையாடும். ஆள் திரும்பி வந்து சொன்ன பிறகு முதல் கண்ணைத் தூக்கு.

அப்பா